சிங்கப்பூரில் நம்மூர் நண்டு: பெரிய கடைக்குப் போகுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருஷம் தங்கச்சியின் மகன் என்னையும் மனைவியையும் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டான். ஒருநாள் இரவு மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப் என்ற நண்டு உணவகத்தின் அங்குள்ள கிளைக்குக் கூட்டிக்கொண்டும் போனான். கழுத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நான் நண்டோடு இருக்கிற படம் குடும்ப வட்ஸ்அப் குழுவில் விழுந்தது. அன்றிலிருந்து மீன் மார்க்கெட்டில், கோயில் வாசலில், சலூன் கதிரையில் என்று போகிற இடமெல்லாம் விசாரணை. "என்ன விலை?" "கையாலயா சாப்பிட்டீங்க?" "அது நம்மட நண்டாமே?"

திருகோணமலையில் வீட்டுக்கு ஒருத்தராவது வெளிநாட்டில் இருக்கிற காலம். பிள்ளை உங்களையும் ஒருநாள் இப்படி ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போகும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கம் 22 வருஷம் நண்டு எடுத்து அனுப்பியவன் என்ற முறையில், கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே தரமாக எழுதிவிடுகிறேன்.

இது யாருடைய கடை? சிங்கப்பூர்க்காரருடையதா?

இல்லை, கொழும்புக் கடை. 2011 டிசம்பரில் கொழும்புக் கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் தொடங்கியது. தொடங்கியவர் தர்ஷன் முனிதாச என்ற சமையல் கலைஞர். தகப்பன் இலங்கையர், தாய் ஜப்பானியர். அதற்கு முன்பே, 1995இல், கொழும்பில் நிஹோன்பாஷி என்ற ஜப்பானிய உணவகத்தைத் திறந்தவர். நண்டுக் கடையில் அவருக்குப் பங்காளிகள் குமார் சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும். கிரிக்கெட் பார்க்கிற பொடியன்களுக்குக் கடையின் பெயரை விட இந்த இரண்டு பெயரும்தான் முதலில் தெரியும்.

ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் என்று வருஷா வருஷம் ஒரு பட்டியல் வரும். அதில் பல வருஷம் இடம் பிடித்த கடை இது. பிறகு மும்பாய், பாங்கொக், மாலைதீவு என்று வெளியே கிளை விட்டது. சிங்கப்பூர்க் கிளை டெம்ப்சி என்ற பகுதியில் இருக்கிறது. வெளிநாட்டுக் கிளைகள் திறப்பதும் மூடுவதும் இந்தத் தொழிலில் சாதாரணம். ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கிளை இப்போதும் நடக்கிறதா என்று பிள்ளையை ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் இல்லாத நண்டா? கொழும்பிலிருந்து போய் ஏன் அங்கே கடை போட வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் நானும் மருமகனிடம் கேட்டேன்.

சிங்கப்பூரின் பேர்போன சாப்பாடு சில்லி க்ராப். 1956இல் செர் யாம் தியான் என்ற பெண்மணி காலாங் ஆற்றங்கரையில் தள்ளுவண்டியில் வைத்து விற்கத் தொடங்கியது. போத்தல் மிளகாய்ச் சோஸும் தக்காளிச் சோஸும் சேர்த்து நண்டைப் பிரட்டினார், அவ்வளவுதான். அது பிறகு அந்த நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்தச் சட்டிக்குள் விழுகிற பெரிய நண்டு பல காலமாக எங்கிருந்து போகிறது தெரியுமா? இலங்கையிலிருந்து. அங்கே மெனுவிலேயே 'ஸ்ரீலங்கன் க்ராப்' என்று தனியாக எழுதி, மற்ற நண்டை விடக் கூட விலை போட்டிருப்பார்கள்.

கொழும்பில் இந்தக் கடை வந்ததற்கே அதுதான் காரணம் என்பார்கள். நல்ல பெரிய நண்டெல்லாம் விமானம் ஏறிவிடுகிறது, பிடிக்கிற நாட்டில் அதைத் தின்ன ஆளில்லை. அந்த நண்டை இங்கேயே நிறுத்தி, இங்கேயே மேசைக்குக் கொண்டுவருவோம் என்பதுதான் தொடக்கம். ஏற்றுமதிக்குப் போகிற நண்டை மறித்து நிறுத்தத் தொடங்கிய கடை, கடைசியில் தானும் அதே நண்டின் பின்னால் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்குள் சிரிப்பு வந்தது உண்மை.

நீங்கள் சாப்பிட்டது திருகோணமலை நண்டா?

சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது. கொட்டியாரக் குடா, தம்பலகாமக் குடா, மட்டக்களப்பு வாவி, முல்லைத்தீவு, மன்னார், புத்தளம் என்று நாலா பக்கமும் பிடிபடுகிற களப்பு நண்டு கொழும்புப் பக்கம் ஒரே இடத்தில் கொட்டப்படும். அங்கே பிரிப்பது ஊர் பார்த்து அல்ல, நிறை பார்த்து. நான் அனுப்பிய காலத்திலும் பெட்டியில் ஊர்ப்பெயர் எழுதியதே இல்லை. வெயிட்டரிடம் "எந்த ஊர் நண்டு?" என்று கேட்டேன். "இலங்கை, சேர்" என்றார். அதற்கு மேல் நான் கேட்டிருந்தாலும் அவர் பாவம் என்ன செய்வார்?

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கிளை என்றால் எல்லா இடத்திலும் இலங்கை நண்டுதான் வரும் என்றில்லை. சில நாட்டில் அந்த நாட்டு நண்டையே எடுப்பார்கள். உங்களுக்கு அது முக்கியமென்றால் ஓடர் கொடுக்கமுன் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொன்று, நீலக்கால் நண்டையும் களப்பு நண்டையும் குழப்ப வேண்டாம். கடலில் வலையில் படுகிற, புள்ளி போட்ட, ஓடு மெல்லிய நண்டு நீலக்கால். இந்தக் கடை பேர் வாங்கியது கண்டல் சேற்றில் வளை வெட்டி இருக்கிற, ஓடு தடித்த களப்பு நண்டால். விரலைக் கொடுத்தால் எலும்பு முறியும், அந்தச் சாதி.

எந்த அளவு நண்டு சொல்வது?

கடையில் ஒரு பலகையில் அன்றைக்கு எந்தெந்த அளவு இருக்கிறது என்று எழுதியிருக்கும். அரைக் கிலோவில் தொடங்கும். பிறகு சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஏறி, இரண்டு கிலோ எட்டினால் 'க்ராப்சில்லா'. சினிமாவில் வருகிற கொட்சில்லாவை வைத்துப் போட்ட பெயர். இரண்டு கிலோ நண்டு தினமும் வராது. என் 22 வருஷத்தில் அந்த நிறையில் கையில் எடுத்ததை விரல் விட்டு எண்ணலாம்.

பெரிசாகச் சொன்னால்தான் மரியாதை என்று நினைக்க வேண்டாம். என் கணக்கில் களப்பு நண்டுக்கு 800 கிராமிலிருந்து ஒரு கிலோவரை உள்ளதுதான் சுவை. பெரிய காலில் சதை இழை இழையாக, இனிப்பாக வரும். அதற்கு மேலே போனால் காட்சிக்கு நல்லது. ஒரு கிலோ நண்டில் ஓடு, செவுள் எல்லாம் போக மூன்றில் ஒரு பங்கு சதை தேறினாலே நல்ல நண்டு. ஆகவே இரண்டு பேருக்கு ஒரு கிலோ, கூடவே பாணும் சோறும். வயிறு நிறைய நண்டு மட்டும் தின்று பார்ப்போம் என்ற ஆசையை ஊரிலேயே தீர்த்துவிட்டுப் போங்கள்.

நல்ல நண்டுதானா என்று பார்க்கலாமா?

தாராளமாக. உயிர் நண்டு வைத்திருக்கிற கடையில், சமைக்கமுன் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். நம்மாட்கள் கையை நீட்டி மேலோட்டைத் தொட்டுவிட்டு "சரி சரி" என்பார்கள். அதில் ஒன்றும் தெரியாது.

திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வயிற்றுப் பக்கம், கால் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். கல்லுப்போல இருந்தால் உள்ளே சதை. நெளிந்து கொடுத்தால் தண்ணி நண்டு, அதாவது ஓடு கழற்றிப் புது ஓடு போட்டுக் கொஞ்ச நாளான நண்டு. பார்க்க வடிவாக, ஓடு பளபளவென்று இருக்கும். அவித்தால் காலுக்குள் தண்ணீர்தான். பழைய நண்டு ஊத்தையாக, அங்கங்கே பாசி பிடித்து, பல் தேய்ந்து இருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும். வடிவான நண்டை நம்பாதே என்று என் முதலாளி முதல் நாளே சொல்லித்தந்தார்.

வயிற்று மூடி ஒடுங்கி முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று அரைவட்டமாக இருந்தால் பெட்டை. காலில் சதை வேண்டுமென்றால் ஆண். சினை வேண்டுமென்றால் பெட்டை. நிலாக்காலத்து நண்டில் சதை குறைவு என்று ஊரில் சொல்வோம் அல்லவா? அங்கே அந்தக் கதையை எடுத்தேன். வெயிட்டர்ப் பிள்ளை மரியாதைக்குத் தலையாட்டியது. மருமகன் மேசைக்குக் கீழால் என் காலை மிதித்தான்.

நான் அழுத்திப் பார்த்த நண்டு கல்லு. கயிறு கட்டியிருந்த முறையும் நம்மூர்க் கட்டுத்தான், பெரிய கால் இரண்டையும் மடக்கி முன்னால் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. கட்டினவன் எந்த வாடியில் இருந்து கட்டினானோ.

ஒரு நண்டுக்கு அவ்வளவு விலையா? கொள்ளை இல்லையா?

ஊரில் வாங்கிப் பழகியவர்களுக்கு நெஞ்சு அடைக்கும் விலைதான். ஒரு சிங்கப்பூர் டொலர் 200 ரூபாவைத் தாண்டி நிற்கிற காலத்தில் மனக்கணக்குப் போடவே கூடாது. ஆனால் கொள்ளை என்று ஒரே சொல்லில் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் காசு கொடுப்பது நண்டுக்கு மட்டுமல்ல, அது உயிரோடு வந்ததற்கு.

செத்த நண்டுக்கு விலை இல்லை. மீனென்றால் ஐஸில் போட்டு இரண்டு நாள் இழுக்கலாம். நண்டு செத்தால் அதன் வயிற்றுக்குள் இருக்கிற சாறே சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் சதை கூழாகி வாடை வரும். அதனால் கூட்டில் ஏறிய நேரத்திலிருந்து சட்டிக்குப் போகிற நேரம்வரை அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நல்லவேளை, செவுள் ஈரமாக இருந்தால் களப்பு நண்டு தண்ணீருக்கு வெளியேயும் சில நாள் தாங்கும். நனைத்த சாக்கு, நிழல், குளிர்ச்சி, இவ்வளவும் போதும். ஆனால் இவ்வளவும் வேண்டும்.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. அதற்கு முந்திய காலம் இளம் ஆட்களுக்குத் தெரியாது. அப்போது பாதையில்தான், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவையில்தான், கடக்க வேண்டும். கரையில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வரிசை. எட்டு மணி வெயில் சுள்ளென்று அடிக்கும். என் சாக்குகள் கரையில் இருக்கும். நான் போத்தலில் உப்புத் தண்ணீர் மொண்டு மொண்டு தெளித்துக்கொண்டே நிற்பேன். பாதை அக்கரையில் நின்றுவிட்டதென்றால் முடிந்தது. சாக்குக்குள் சரசரவென்று கேட்கிற சத்தம் மெல்ல மெல்லக் குறையும். அந்தச் சத்தம் குறைவதைக் கேட்டு நிற்கிற வயிற்றெரிச்சல் இருக்கிறதே! பத்தில் ஒன்று செத்தால் மற்ற ஒன்பதும் அதன் விலையைச் சுமக்க வேண்டும். அதிலிருந்துதான் விலை ஏறத் தொடங்குகிறது.

பிறகு லொறியில் கொழும்புப் பக்கம் ஐந்தாறு மணி நேரம். அங்கே மறுபடி நிறுவை. கால் ஒன்று விழுந்திருந்தால் தரம் இறங்கும். ரெஜிபோம் பெட்டியில் அடுக்கிக் கட்டுநாயக்க, அங்கிருந்து நாலு மணி நேரப் பறப்பு. கடையில் போய் இறங்கினாலும் வேலை முடியவில்லை. இந்தக் கடைக்காரர் குளிர்ப்பெட்டியில் உறைய வைத்த சரக்கு பாவிப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அன்றைக்கு விற்காத நண்டையும் அவர்கள்தான் உயிரோடு பார்க்க வேண்டும். அதற்கு மேல் சிங்கப்பூர் வாடகை, ஆட்கூலி.

சேற்றில் இறங்கிக் கூடு வைக்கிறவனுக்கு இந்தப் பங்கில் எவ்வளவு வருகிறது என்று கேட்டால், அங்கேதான் எனக்குக் கோபம் வரும். வாங்கிய காலத்தில் நானும் குறைத்துத்தான் கொடுத்தேன். அதை எழுதாமல் விட்டால் சரியில்லை.

மெனுவில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. ஏன்?

சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் '++' என்று இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் கவனம். முதல் கூட்டல் 10 வீதம் சேர்விஸ் சார்ஜ். இரண்டாவது ஜீ.எஸ்.டி. வரி, 2024 ஜனவரியிலிருந்து 9 வீதம். இந்த வரி சேர்விஸ் சார்ஜுக்கும் சேர்த்தே ஏறும். ஆகவே 100 டொலர் என்று நினைத்தது 110 ஆகி, கடைசியில் 119 டொலர் 90 சதமாக வந்து நிற்கும். 19 வீதம் என்று கூட்டிவைத்திருந்தால் 90 சதம் இடிக்கும்.

சில கடல் உணவுக் கடைகளில் விலை 100 கிராமுக்கு எழுதியிருப்பார்கள். அதை ஒரு நண்டின் விலை என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. உதாரணத்துக்கு 100 கிராம் 12 டொலர் என்றால் 900 கிராம் நண்டு 108 டொலர். கூட்டல் இரண்டும் சேர்ந்தால் 129 டொலர் 49 சதம். 'பருவ விலை' என்று மட்டும் போட்டிருந்தால் விலையை வாயால் கேட்டு, நிறையையும் கேட்டு, பிறகு தலையாட்டுங்கள்.

எங்களுக்கு அடி விழுந்தது இந்தக் கடையில் அல்ல, வேறொரு கடல் உணவுக் கடையில். பெயர் வேண்டாம். இருந்த உடனே ஒரு தட்டு வேர்க்கடலையும் ஈரத் துண்டும் கொண்டுவந்து வைத்தார்கள். நம்மூர் உபசாரம்போல என்று நினைத்து நாங்கள் கடலையைக் கொறித்து, துண்டால் முகத்தையும் துடைத்தோம். பில்லில் கடலைக்குத் தனி, ஆளுக்கொரு துண்டுக்குத் தனி. அங்கே அது வழக்கமாம். வேண்டாமென்றால் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். மனைவி இன்றைக்கும் கடலை விற்கிறவனைக் கண்டால் அந்தக் கதையைத் தொடங்குவா.

டிப்ஸ் சிங்கப்பூரில் தேவையில்லை. சேர்விஸ் சார்ஜோடு சரி. லண்டனில் இருக்கிற பிள்ளையிடம் போகிறவர்களுக்கு: அங்கே பெரும்பாலும் 12.5 வீதம் தானாகவே பில்லில் ஏறியிருக்கும், விருப்பமில்லையென்றால் எடுக்கச் சொல்லலாம். டுபாயில் வற் வரி 5 வீதம். கொழும்பில் மட்டும் என்ன வாழ்கிறது, வற் வரியே 18 வீதம்.

என்ன சொல்லிச் சாப்பிடுவது?

கறி நண்டு சொல்லாதீர்கள். அதில் குற்றமில்லை, ஆனால் வறுத்தரைத்த தூளும் தேங்காய்ப்பாலும் முருங்கை இலையும் போட்டு வைக்கிற குழம்பு நம் வீட்டில் இருக்கிறது. அதை மனசில் வைத்துக்கொண்டு அதை இதோடு ஒப்பிட்டு, கடைசியில் இரண்டையும் குறை சொல்லுவோம்.

மிளகு நண்டு சொல்லுங்கள். இடித்த மிளகு, மிளகின் சாறு. தேங்காய்ப்பால் வந்து மறைக்காததால் நண்டின் இனிப்பு நேரே நாக்குக்கு வரும். உள்ளிமிளகாய் நண்டு என்று ஒன்று உண்டு. ஒலிவ் எண்ணெயில் உள்ளியும் செத்தல் மிளகாயும், கூடவே ஜப்பானியச் சோயாவும். முதலாளியின் தாய்வழி அங்கே எட்டிப் பார்க்கிறது. மருமகனுக்கு அதுதான் பிடித்தது. எனக்கு மிளகு. மனைவிக்கு ஒன்றும் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே இரண்டிலும் பாதியை முடித்தா.

சாற்றைத் தோய்த்துச் சாப்பிடப் பாண் வரும். நம்ம கடைப்பாண்தான், விறகுப் போறணையில் சுட்ட மாதிரி. ஓரம் கருகி, நடு பஞ்சு. கடைப்பாண் தின்ன விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான் என்று சொன்னேன். ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த மிளகுச் சாற்றுக்குச் சோற்றை விடப் பாண்தான் பொருத்தம்.

கையால் சாப்பிடலாமா? பக்கத்து மேசைக்காரர் பார்ப்பார்களே?

அவர்களும் கையால்தான் சாப்பிடுகிறார்கள். நண்டுக்கு வேறு வழியில்லை. கழுத்தில் கட்ட ஏப்ரன் தருவார்கள், ஓடு உடைக்க இடுக்கியும் சதை கிளற மெல்லிய கரண்டியும் தருவார்கள். பெரிய காலைச் சமையலறையிலேயே வெடிக்க வைத்துத்தான் கொண்டுவருவார்கள்.

பல்லால் மட்டும் கடிக்காதீர்கள். சின்னக் காலைக் கடித்துச் சாறு உறிஞ்சலாம், பெரிய காலை அல்ல. இடுக்கியை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நான் ஓங்கி அமத்தினேன். ஒரு துண்டு ஓடு பறந்து போய்ப் பக்கத்து மேசைச் சீனத்தியின் தண்ணீர்க் கிளாசுக்குள் விழுந்தது. அந்த அம்மா கிளாசைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, தன் தட்டிலிருந்த ஓட்டை எடுத்து எங்கள் பக்கம் எறிகிற மாதிரி ஒரு பாவனை காட்டிச் சிரித்தா. அதோடு எங்கள் கூச்சமெல்லாம் போய்விட்டது.

என்ன உடுத்துக்கொண்டு போவது?

முழுக் காற்சட்டை, கொலர் வைத்த சேர்ட், சப்பாத்து. பெண்கள் சீலை, பஞ்சாபி எதுவானாலும் சரி. வெள்ளை வேண்டாம். பட்டுச் சீலையும் வேண்டாம், நண்டுச் சாற்றுக்கு ஏப்ரன் எல்லாம் வேலி இல்லை.

இடமே ஒரு காட்சிதான். டெம்ப்சி ஒரு காலத்தில் சாதிக்காய்த் தோட்டமாக இருந்து, பிறகு வெள்ளைக்காரனின் பட்டாள முகாமானது. இப்போது முழுக்கச் சாப்பாட்டுக் கடை. கொழும்பில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி, சிங்கப்பூரில் பட்டாள முகாம்! நம்ம பிரெட்றிக் கோட்டையில் இன்னும் மானும் பட்டாளமும்தான்.

நாங்கள் முஸ்லிம்கள். சாப்பிடலாமா?

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் இதைக் கேட்டவர்கள் அதிகம். இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, நண்டு. சாபி மத்ஹபில் நண்டு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு, அதிலும் தரையிலும் தண்ணீரிலும் வாழ்கிற களப்பு நண்டு பற்றி. அதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். நண்டு வியாபாரி சொல்லக் கூடாது. இரண்டாவது, கடை. சிங்கப்பூரில் ஹலால் சான்றிதழ் கொடுப்பது மூயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம். மதுபானம் விற்கிற கடைக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. இந்த வகைக் கடைகளில் வைன் இல்லாமல் நடக்காது. ஆகவே கதவில் சான்றிதழைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவது என்று இருப்பவர்கள் வேறு கடை பாருங்கள். சிங்கப்பூரில் சான்றிதழோடு நல்ல நண்டு போடுகிற கடைகளும் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை புக் பண்ணிவிட்டார்கள். அம்மா மச்சம் தின்ன மாட்டா. என்ன செய்வது?

நாளை மாற்றுங்கள். வேறு மருந்தில்லை. அங்குள்ள பிள்ளைகள் வார இறுதியைப் பார்த்துப் புக் பண்ணுவார்கள், நாம் பஞ்சாங்கத்தைப் பார்ப்போம். கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதம், வீட்டில் திவசம் எல்லாவற்றையும் பார்த்துத் திகதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நண்டுக் கடைக்குப் போய் மரக்கறி கேட்டால் ஏதோ ஒன்று கிடைக்கும், ஆனால் முழு நேரமும் அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் இருப்பா.

முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

ஆம். பெரிய நண்டு வேண்டுமென்றால் புக் பண்ணும்போதே அளவையும் சொல்லி வையுங்கள். கிரெடிட் காட் இலக்கம் கேட்பார்கள். போகாவிட்டால் தண்டம் கழிப்பார்கள். பிந்தக் கூடாது. "வந்துகொண்டிருக்கிறோம்" என்று வீட்டில் இருந்துகொண்டு சொல்கிற நம்மூர்ப் பழக்கம் அங்கே செல்லாது.

நண்டு தின்றால் உடம்பு கடிக்கும். கொஞ்சமாகச் சாப்பிடலாமா?

வேண்டாம். விளையாட்டில்லை. நண்டுக் கடையில் எண்ணெய், கத்தி, பலகை எல்லாவற்றிலும் நண்டு பட்டிருக்கும், கோழி சொன்னாலும் தப்ப முடியாது. பிரஷர், சீனி மருந்து எடுக்கிறவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்கவில்லை. அதைப் பின்பற்ற வேண்டாம்.

பிள்ளைதான் காசு கட்டுகிறது. நாங்கள் எப்படி நடந்துகொள்வது?

மெனுவில் வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "மாமா, இடது பக்கத்தை மட்டும் பாருங்கோ" என்றான் மருமகன். நான் பார்த்துவிட்டேன். "எனக்கு ஒரு தேத்தண்ணி போதும் மகன்" என்றும் சொல்லிவிட்டேன். அவன் முகம் விழுந்த விதம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவனுக்கு ஏழு வயதில், தகப்பன் இல்லாத வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் கால் விழுந்த நண்டு இரண்டு மூன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு போவேன். தரம் இறங்கிய, விலைப்படாத நண்டு. அவன் அதை மறக்கவில்லை. "அண்டைக்கு நீங்கள் கொண்டுவந்தது எல்லாம் ஒற்றைக் கால் நண்டு மாமா, இண்டைக்கு ரெண்டு காலும் உள்ளதாப் பாத்து எடுங்கோ" என்றான். அதற்குப் பிறகுதான் நான் எழும்பிப் போய் நண்டைத் திருப்பி அழுத்திப் பார்த்தது. ஆகவே தேத்தண்ணி கேட்காதீர்கள்.

மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வரலாமா?

வரலாம். அங்கே 'தபாவ்' என்று சொன்னால் கட்டித் தருவார்கள். நண்டு மிச்சம் வைக்கவே கூடாது, அங்கேயே முடியுங்கள். நாங்கள் கட்டியது மிளகுச் சாற்றையும் இரண்டு துண்டுப் பாணையும் மட்டும். மனைவி அதை மருமகனின் பிளாட்டில் விடிய எழும்பிச் சூடாக்கி, கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விட்டு, பையில் ஊரிலிருந்து கொண்டுபோன முருங்கை இலைச் சருகையும் நொறுக்கிப் போட்டா. மூன்று பேரும் குசினியில் நின்றபடியே தோய்த்துத் தின்றோம்.